உப்பு ஏறிய கால்

மாத்திரைகளை முடித்து எட்டு மாதமாகிறது. இனி எழுதினால் யாரும் எழுந்து ஓடமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஓடுகிறவர்கள் ஓடட்டும். மாதாமாதம் கிளினிக் வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், "எனக்குச் சும்மா தோல் அரிப்பு" என்று என்னிடம் சொல்வார்கள். நானும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "எனக்கும் அரிப்புத்தான்" என்பேன். இருவர் கையிலும் ஒரே நிற மாத்திரை அட்டை இருக்கும். ஒரே நோய்க்காரர்கள் ஒருவருக்கொருவர் கண்ணாமூச்சி காட்டியது போதும் என்று தோன்றியதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் உப்பளத் தொழிலாளி. பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் பதினேழு வயதிலிருந்து வேலை. வீடு கற்பிட்டி வீதியில், நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம். மனைவி நஸீமா. உப்பு விளையும் காலத்தில் அவளும் என்னோடு வந்து உப்பு மூட்டைக்கு வாய் தைப்பாள். இரண்டு ஆண் பிள்ளைகள். இது நடந்தபோது மூத்தவனுக்குப் பத்து வயது. சின்னவனுக்கு நான்கு முடியச் சில கிழமைகள் இருந்தன.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலைப் பற்றி ஒரு பெருமை உண்டு. புதிதாக வருகிறவனுக்கு முதல் வருஷம் பாதம் வெடித்து, அந்த வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போய், அவன் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். பிறகு தோல் தடித்துக் காய்த்துவிடும். கண்ணாடித் துண்டில் மிதித்தாலும் லேசில் வலிக்காது. அப்படிப்பட்டவனை "உப்பு ஏறின கால்" என்போம். வேலைத் திறமைக்குக் கிடைக்கிற பட்டம் மாதிரி அது. என் கால் எல்லோருடையதையும் விட நன்றாக உப்பு ஏறியது என்று நான் நம்பினேன். தேத்தண்ணி நேரத்தில் பீடியைப் பாதத்தில் அணைத்துக் காட்டிப் பந்தயத்தில் பிளேன்டீ குடித்திருக்கிறேன். குதிக்காலில் அணைத்தால் சரி, அங்கே தோல் தடிப்பு. நான் அணைத்தது பாதத்தின் மேற்பக்கம். அங்கே தோல் ஏன் மரத்துப் போக வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை. கை தட்டியவர்களும் யோசிக்கவில்லை.

எல்லாம் தொடங்கிய அன்று காலை பாத்திக்குத் தண்ணீர் விடும் மடையின் பழைய பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். என்னோடு நின்றவர் பாரூக் நானா, என்னிலும் பத்து வயது மூத்தவர். தேத்தண்ணிக்குப் போகும்போது அவர் என் காலையே பார்த்தார்.

"இந்தா, இது ஆர்ர ரத்தம்?"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை உப்பில் நான் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்பாக அடி விழுந்திருந்தது. காலைத் தூக்கினேன். பலகையிலிருந்து விழுந்த துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்து என் இடது உள்ளங்காலுக்குள் ஏறி நின்றது. செருப்பைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை, காலோடு சேர்த்து அறைந்திருந்தது. நான் சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். பாரூக் நானா ஆணியைப் பிடுங்கிவிட்டு, "உப்பு ஏறின கால் எண்டா இதுதான்" என்றார். எனக்கு மார்பு நிமிர்ந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மூன்றாம் நாள் கால் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தது. நஸீமாதான் மோப்பம் பிடித்தாள்.

"கால் நாறுது. ஏற்பு ஊசியாவது போட்டுட்டு வாங்க."

"வலியே இல்ல, என்னத்துக்கு ஊசி?"

"வலி இல்லாட்டிப் போகட்டும். மூக்கு எனக்கு இரிக்கிதானே."

ஊசி போடத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினொரு நாள் அங்கேயே இருந்தேன்.

காயத்தைத் துப்புரவாக்கிய இளம் டொக்டர் கவலைப்பட்ட முகத்தோடு, "நோகும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இடுக்கியால் உள்ளே கிளறி அழுகிய சதையை எடுத்தார். நான் அவரிடம் இந்த வருஷம் உப்பு விளைச்சலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கதையில் அவர் கை நின்றுவிட்டது.

"உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கா?"

இரத்தத்தில் பார்த்தார்கள், சீனி இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. என் முழங்கைக்குப் பின்னால், இடித்தால் சுரீர் என்று மின்சாரம் பாயுமே, அந்த இடத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு முழங்காலுக்குப் பக்கத்தில் உருட்டினார். சேட்டைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார். முதுகில் நான்கைந்து இடத்தில் தோல் வெளிறியிருக்கிறதாம். என் முதுகை நான் எங்கே பார்த்தேன். காயத்துக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும், தோல் டொக்டரும் பார்க்க வேண்டும் என்று வாட்டில் படுக்கவைத்தார்கள்.

தோல் டொக்டர் ஒரு சிங்களப் பெண். நிதானமான தமிழில் கதைப்பார். "நானா, கண்ண மூடுங்க. நான் தொடுற இடத்த விரலால காட்டுங்க" என்றார். பஞ்சை மெல்லிய திரியாகத் திரித்து என் உடம்பில் அங்கங்கே தொட்டார். நான் கையில் காட்டினேன், மார்பில் காட்டினேன், வலது காலில் காட்டினேன். பிறகு அவர் தொடாமல் நிற்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

"தொடுங்க டொக்டர்" என்றேன்.

"நான் தொட்டுட்டுத்தான் இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் இடது பாதத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆணிக்கு நான் பயப்படவில்லை. அந்தப் பஞ்சுக்குப் பயந்தேன்.

அடுத்த நாள் காது மடலில் சின்னதாகக் கீறி, வந்த நீரைக் கண்ணாடித் தகட்டில் பூசிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கட்டிலில் அந்தோனி அண்ணன் என்று ஆலங்குடா மீனவர் ஒருவர் தொடை எலும்பு முறிந்து கிடந்தார். வேறு வேலை இல்லாததால் என் வைத்தியத்தை அவர்தான் மேற்பார்வை செய்தார்.

"தம்பி, உனக்கு ஆணி குத்தினது கால்லதானே?"

"ஓம்."

"அப்ப ஏன் காதை வெட்டினவங்க?"

இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு கிடந்தேன். புற்றுநோய் என்று முடிவு செய்து, மூத்தவனை யாரிடம் வேலை பழக விடுவது என்றுகூடத் திட்டம் போட்டுவிட்டேன்.

முடிவு வந்ததும் டொக்டர் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். தமிழ்ச் சொல் வாயில் வராமல் சிங்களத்தில் சொன்னார்: "லாதுரு." சந்தையிலும் பஸ்ஸிலும் சிங்களம் கதைத்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. தொழுநோய். எங்கள் ஊர் வாயில் குட்டம்.

அவர் விளக்கியதை இங்கே அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். இது ஒரு கிருமி. உடம்பில் குளிர்ச்சியான இடங்களைத் தேடிப் போகும்: தோல், காது மடல், கைகால் நரம்பு. நரம்பை மெதுவாகத் தின்னும். நரம்பு செத்த இடத்தில் சூடு தெரியாது, குத்து தெரியாது. விரல்கள் அழிவது கிருமியால் அல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால். தொட்டால் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை. மருந்து எடுக்காதவரோடு நீண்ட காலம் ஒன்றாக இருக்கிறவர்களுக்கு மூச்சுக்காற்றால் வரலாம், அதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வரவே வராது, உடம்பே விரட்டிவிடும். மாத்திரை தொடங்கிவிட்டால் சீக்கிரமே பரவாது. ஒரு வருஷம் விடாமல் போட வேண்டும். சதமும் செலவில்லை. போன நரம்பு மட்டும் பெரும்பாலும் திரும்பி வராது.

கடைசியாகத்தான் அவர் முக்கியமானதைச் சொன்னார். "வீட்டுல இருக்கிற எல்லாரையும் இந்தக் கிழமைக்குள்ள நான் பார்க்கணும். சின்னப் பிள்ளைகள் இருந்தா இன்னும் அவசரம். இருக்குமெண்டா ஒவ்வொரு நாளும் நரம்பு போயிட்டே இருக்கும்."

முதல் மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கக்கூசில் சிறுநீர் செக்கச் சிவந்து போனது. இரத்தம்தான் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாதி சிரித்தார். அது மாத்திரையின் சாயமாம், முதலிலேயே சொன்னார்களாம். அந்த அறையில் அவர்கள் சொன்னவற்றில் "பிள்ளைகள்" என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறியிருக்கவில்லை.

பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்வதென்றால் நஸீமாவிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே தட்டு. கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சஹனைப் போல, சின்னதாக ஒரு தட்டு வைத்து நடுவில் சோற்றைக் கொட்டி எல்லோரும் கைவைப்போம். சின்னவன் என் பக்கத்து மீனைத் திருடுவான், நான் அவன் பக்கத்து முட்டையைத் திருடுவேன். ஊரில் இந்தப் பெயர் தெரிந்தால் இனி எந்தச் சஹனில் எனக்கு இடம் கிடைக்கும்? என் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் யார் உட்காருவார்கள்? நஸீமா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவளுடைய உம்மா வீட்டுக்குப் போனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது.

பகல் பன்னிரண்டுக்குப் பார்வையாளர் நேரம். நஸீமா சோற்றுப் பார்சலோடு வருவாள். வழக்கமாக இருவரும் ஒரே பார்சலில் சாப்பிடுவோம். பெயர் தெரிந்த அன்று நான் பாதியைத் தனியாகப் பிரித்துத் தாளில் வைத்து அவள் பக்கம் தள்ளினேன்.

"இது என்ன புதுசா?"

"பசிக்கல்ல."

"பசிக்காட்டிப் பிரிக்கிறதா? டொக்டர் என்ன சொன்னாங்க?"

"நரம்புத் தளர்ச்சி."

அவள் அதை நம்பவில்லை. அடுத்த நாளும் பிரித்தேன். அதற்கு அடுத்த நாள் அவளே இரண்டு பார்சல் கட்டிக்கொண்டு வந்து, ஒன்றை என் மடியில் போட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள். அந்தோனி அண்ணன் எங்கள் சண்டைக்குக் காரணம் தெரியாமல் தவித்தார். "தங்கச்சி, அவன் நல்லவன், மன்னிச்சிரு" என்று பொதுவாக ஒரு சிபாரிசு செய்தார்.

இப்படி ஐந்து நாள் கடத்தினேன். ஐந்து நாளும் கண்ணை மூடினால் சின்னவனின் விரல்கள்தான் வந்தன. காலையில் டொக்டர் கேட்பார், நான் "நாளைக்கு" என்பேன். ஐந்தாம் நாள் அவர் கோபத்தை மறைக்கவில்லை.

"நானா, நீங்க சொல்லாட்டி பீ.எச்.ஐ. மாத்தயா வீட்டுக்குப் போவார். அது சட்டம். எது நல்லம் எண்டு யோசிங்க."

கொரோனாக் காலத்தில் எங்கள் ஊரில் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் நின்ற வீட்டு வாசலை, அவர் போன பிறகும் ஒரு மாதம் யாரும் மிதிக்கவில்லை. அவர் வருவதை நினைத்துத்தான் நான் வாயைத் திறந்தேன். வீரம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

அன்று மத்தியானம் நஸீமாவை வாட்டுக்கு வெளியே இருந்த வாங்குக்குக் கூட்டிப் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டு பெயரைச் சொன்னேன். பிள்ளைகளைக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். அவள் போக நினைத்தால் நான் தடுக்கமாட்டேன் என்றும் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அது... தேமல் மாதிரி வெள்ளையா வருமா?"

"ஓம்."

"கிள்ளினாத் தெரியாதா?"

"தெரியாது."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே உருட்டினாள். உள்ளங்கை அளவில் வெளிறிய ஒரு வட்டம். அதன் ஓரம் மட்டும் லேசாகத் தடித்திருந்தது.

"மூணு வருஷம்" என்றாள்.

மூன்று வருஷமாக அவள் வீட்டுக்குள்ளும் நீளக் கைச் சட்டை போடுகிறாள். நான் அதை மார்க்கப் பற்று என்று நினைத்து மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வருஷமாக அவள் கையிலிருந்து கோப்பை நழுவி உடையும், மூட்டை தைக்கும் ஊசி நழுவும். கை நிதானமில்லாதவள் என்று எத்தனை தடவை ஏசினேன் என்று கணக்கில்லை. இப்போது அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். சுண்டு விரல் உள்ளே மடங்கி நின்றது. நிமிர்த்தினால் நிமிர்கிறது, விட்டால் மடங்குகிறது.

எனக்கு இரக்கம் வரவில்லை, முதலில் ஆத்திரம்தான் வந்தது. "மூணு வருஷமா ஒரே பாயில படுக்கிறோம். ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க அஞ்சு நாளா சொன்னீங்களா?"

"அஞ்சு நாளும் மூணு வருஷமும் ஒண்டா?"

"வெண்குட்டம் எண்டு நெனச்சேன். லெப்பைக்கிட்ட ஓதிப் பார்த்தேன், எண்ணெய் பூசினேன். கண்டா நீங்க என்ன வாணாம் எண்டுருவீங்க எண்டு பயம்." அதற்குப் பிறகுதான் அவள் முகம் உடைந்தது. "பிள்ளைகளுக்கு இரிக்குமோ? என்ட கையால தானே ஊட்டினேன்."

அந்தக் கேள்விக்கு முன்னால் என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருவரும் அந்த வாங்கில் பிள்ளைகளின் உடம்பை மனத்துக்குள் ஒவ்வொரு அங்குலமாகத் தடவித் தேடிக்கொண்டிருந்தோம். மூத்தவனின் முதுகில் ஒரு தேமல் இருக்கிறதே என்றாள். அது மறு, பிறக்கும்போதே இருந்தது என்றேன். எனக்கும் நிச்சயமில்லை.

மறுநாள் மூவரும் வந்தார்கள். அன்றுதான் எனக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளும். மூத்தவன் சட்டையில்லாமல் நின்றான். பஞ்சு படும் இடமெல்லாம் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். டொக்டர் அவன் முதுகில் இருந்ததைப் பார்த்து மறு என்றார். சின்னவன் கட்டிலில் ஏற மறுத்தான். கண்ணைப் பொத்திப் பாதத்தில் பஞ்சை வைத்ததும், "ஆரோ கால்ல தொடுறாங்க" என்று வீடு இடிகிற மாதிரி அழுதான். அவனுடைய எந்தச் சிரிப்பும் எனக்கு அந்த அழுகை தந்த நிம்மதியைத் தந்ததில்லை. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார் டொக்டர்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு நஸீமாவைப் பார்த்தார். பார்த்து முடிய நேரம் எடுத்தது. அவளுக்கும் மாத்திரைதான். சுண்டு விரலுக்குப் பயிற்சி கொடுப்பார்கள், முழுதாக நிமிரும் என்று சொல்ல முடியாது. விரல் போவதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"டொக்டர், எனக்கு மூணு வருஷம். என்னட்ட இருந்தா இவருக்கு வந்த?"

டொக்டர் என் அட்டையைப் புரட்டினார். முதல் நாள் நான் சொன்னதை அதில் எழுதியிருந்தார்கள்: காலில் உணர்ச்சி குறைந்து ஒரு வருஷம்.

"யாருக்கு யாரால எண்டு இதுல சொல்ல ஏலாது, நங்கி" என்று தங்கை முறை வைத்து அவர் தொடங்கினார். அது உண்மையான பதில்தான். ஆனால் நஸீமாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பதிலை அவள் வாழ்நாள் முழுக்கத் தனக்கு எதிராகவே வைத்துக்கொள்வாள் என்று தெரிந்தது.

"எனக்கு அஞ்சு வருஷம்" என்றேன்.

டொக்டர் நிமிர்ந்தார்.

"முதல் நாள் பயத்துல குறைச்சுச் சொல்லிட்டேன். கால் செத்து அஞ்சு வருஷம். என்னட்ட இருந்துதான் இவளுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், நஸீமாவைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் அட்டையில் ஒரு வருஷம் என்றிருந்ததை வெட்டி ஐந்து என்று எழுதினார்.

துண்டு வெட்டிக்கொண்டு பகல் பஸ்ஸில் ஏறினோம். பிள்ளைகள் முன் ஆசனத்தில் இருந்தார்கள். பாலாவிச் சந்தி தாண்டும் வரைக்கும் நஸீமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இந்தாங்க" என்றாள். "சின்னவன் பொறந்து நாப்பது முடிஞ்ச அண்டு உங்கட கால்ல முள்ளு குத்தினது ஞாபகம் இரிக்கா? நீங்க கத்தின கத்துல புள்ள முழிச்சிட்டான். அதுக்கு நாலு வருஷம்கூட ஆகல்ல. அஞ்சு வருஷமா செத்த கால் எப்பிடி நோகும்?"

"அது வலது கால்" என்றேன்.

அது இடது கால்தான். என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியால் கிளறி அந்த முள்ளை எடுத்தவளே அவள்தான். அவள் என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். பிறகு மடங்கின விரலோடு அந்தக் கையைக் கொண்டுவந்து என் கைக்குள் வைத்தாள்.

"ஓம்" என்றாள். "வலது கால்தான்."